யாரும் கோபித்துக்கொள்ளாத ஜோக்

என் நகைச்சுவையால் இதுவரை ஒருவர் மனமும் புண்பட்டதில்லை. ஒருவரும் சிரித்ததில்லை என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உறைக்க வைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு கிழவி.

கிழவி என்றதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் வயதையும், தொங்கிப்போன சதையையும், அதை இழுத்துத் தைத்துக்கொண்ட அறுவைச் சிகிச்சைகளையும் மேடையில் அவரே கிழித்த கிழியை இன்னொருவர் கிழித்திருக்க முடியாது. பெயர் ஜோன் ரிவர்ஸ். 1933இல் புரூக்ளினில், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தில், ஒரு டாக்டரின் மகளாகப் பிறந்தவர். ஒரு பெண் தனியாக மைக்கைப் பிடித்து நின்று ஊரைச் சிரிக்க வைப்பது அபூர்வமாக இருந்த காலத்தில் தொடங்கி, 2014இல் 81 வயதில் சாகும்வரை மேடையை விட்டு இறங்காதவர். டாக் ஷோ நடத்தினார். அதிலிருந்து துரத்தப்பட்டார். வேறொன்று நடத்தி அதற்கு விருதும் வாங்கினார்.

நான் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெற்றால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழா வந்தால், சொந்தத்தில் வளைகாப்பு நடந்தால் மைக் என்னிடம் வரும். திறமை பார்த்துக் கொடுப்பதில்லை. கரண்ட் போனாலும் என் குரல் பின்வரிசைவரை கேட்கும் என்பதுதான் தகுதி. 'அடுத்ததாக' என்ற ஒரே சொல்லை வரவேற்புக்கு ஒரு ராகத்திலும் பரிசளிப்புக்கு ஒரு ராகத்திலும் சொல்வேன். இதைப் பார்த்து என் மகள் ஒருநாள், "அம்மா, நீ பேசாம ஸ்டாண்ட்-அப் பண்ணலாம்" என்றாள். அவள் கிண்டல் செய்தாள். அது கிண்டல் என்றுகூடத் தெரியாத ஒருத்தி நகைச்சுவைக் கலைஞராகப் புறப்பட்டாள்.

புறப்படுவதற்கு முன் படிக்க வேண்டுமே என்று அவளே ஒரு ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினாள். ரிக்கி ஸ்டெர்ன், ஆனி சண்ட்பெர்க் என்ற இரண்டு பெண்கள் ஜோன் ரிவர்ஸின் பின்னாலேயே கேமராவோடு அலைந்து எடுத்து, 2010இல் வெளியான படம். 75 வயதுக்காரியின் ஒரு வருட ஓட்டம். நான் அதைப் பார்த்தது ஊக்கத்துக்காக இல்லை, ஆறுதலுக்காக. அந்த அம்மாள் எங்கெங்கே சறுக்கினார் என்று குறித்துக்கொண்டேன். நான் சறுக்கும்போது சொல்லிக்கொள்ள வேண்டாமா?

குறிப்பதற்குப் பஞ்சமில்லை. ஆரம்பத்தில் பாஸ்டனில் ஒரு விடுதியில், பெண்கள் ஆடை களைந்து ஆடும் இடத்தில், ஆட்டங்களுக்கு நடுவே ஜோக் சொல்லும் வேலைக்குப் போனார். அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் பெப்பர் ஜனவரி. ஆட்டம் பார்க்க வந்தவனுக்கு ஜோக் எதற்கு? முதல் காட்சியோடு வேலை போனது. பிறகு டோனி ரிவர்ஸ் என்ற ஏஜென்ட், மொலின்ஸ்கி என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு மேடையேற முடியாது, மாற்று என்றார். சரி என்று அவர் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார் ஜோன். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நானும் மேடைப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று காரச்சட்னி, கடலைமிட்டாய் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் சொந்தப் பேரே யாருக்கும் தெரியாது. மறைக்க என்ன இருக்கு?" என்றார். வீட்டில் நன்றாக ஜோக் சொல்பவர் அவர்தான். அவருக்கு மேடை ஆசை இல்லை என்பது என் அதிர்ஷ்டம்.

ஜானி கார்சனின் 'டுநைட் ஷோ'வில் இடம் கேட்டுப் போன ஜோனைப் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைய அமெரிக்காவில் நகைச்சுவைக்காரர்களுக்கு அந்த நிகழ்ச்சிதான் வாசல். அங்கே கார்சன் சிரித்துவிட்டால் மறுநாள் காலையில் உங்களுக்கு வேலை இருக்கும். 1965 பிப்ரவரி 17 அன்று, ஒருவழியாக உள்ளே விட்டார்கள். கார்சன் சிரித்தார். நீ பெரிய நட்சத்திரமாகப் போகிறாய் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ஜோனுக்கு அப்போது 31 வயது. அதற்குமுன் கிரீனிச் வில்லேஜின் சின்னச் சின்ன விடுதிகளில் வருடக்கணக்காகக் கூலி இல்லாமலும் அரைக்கூலிக்கும் பேசித் தேய்ந்திருந்தார். சிகாகோவில் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவைக் குழுவில் பழகினார். 'கேண்டிட் கேமரா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுதினார். எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வந்துகொண்டிருந்த டோப்போ ஜீஜோ என்ற பொம்மை எலிக்குக்கூட வசனம் எழுதிக் கொடுத்தார். இந்தத் தேய்மானத்தை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

என்னுடைய முதல் ஓப்பன் மைக் சென்னையில் ஒரு காபிக் கடையின் மாடியில். பேசுபவருக்குக் காசு கிடையாது. பேசுபவரே ஒரு காபியாவது வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கேட்க வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் முறைக்காகக் காத்திருந்த மற்ற நகைச்சுவைக்காரர்கள். தன் ஜோக்கை மனப்பாடம் செய்துகொண்டிருப்பவன் அடுத்தவர் ஜோக்குக்குச் சிரிக்க மாட்டான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். நான்கு முடிந்ததும் பின்னால் ஒரு பையன் செல்போன் விளக்கைக் காட்டுவான்.

இந்த ஐந்து நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்றால், "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்தேன். பழக்க தோஷம். அடுத்து, வாய்ப்பளித்த கடை உரிமையாளருக்கும், ஒலி ஒளி அமைத்த தம்பிக்கும் நன்றி சொன்னேன். அந்தத் தம்பி ஒளி எதுவும் அமைத்திருக்கவில்லை, ஒரு டியூப்லைட்தான் எரிந்தது. எனக்கு முன்னால் பேசியவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினேன். "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, உங்களை முடிச்சிட்டுத்தான்" என்று ஒரு குரல் வந்தது. கடையே குலுங்கிச் சிரித்தது. அன்று என் ஐந்து நிமிடத்தில் விழுந்த ஒரே சிரிப்பு அது, அதுவும் அந்தப் பையன் கணக்கில். சிரிப்பு அடங்கியபோது செல்போன் விளக்கு எரிந்துவிட்டது. ஜோக் சொல்ல நேரமில்லை. "வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்று இறங்கினேன். முழுக்க முழுக்க ஒரு நன்றியுரை.

ஜோனுக்கும் இப்படிச் செத்த இரவுகள் உண்டு. அப்படி ஒரு இரவில், லென்னி புரூஸ் என்ற பெரிய நகைச்சுவைக்காரர், உன் பக்கம்தான் சரி, தப்பு அவர்கள் பக்கம் என்ற பொருளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்பினாராம். அந்தத் தாளை ஜோன் நெஞ்சோடு செருகிவைத்துக்கொண்டு மேடை மேடையாகப் போயிருக்கிறார். எனக்கும் மேடையில் துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. மாமல்லபுரம் பக்கத்தில் நடந்த ஓர் அலுவலக விழாவில், பேச்சு சூடு பிடிக்கிறது என்று நான் நினைத்த நேரத்தில் மடித்த தாள் ஒன்று கை மாறி வந்தது. ரசிகர் யாரோ என்று பிரித்தேன். 'சாப்பாடு ஆறுகிறது. பஸ் டிரைவர் கிளம்ப வேண்டும் என்கிறார்.' நெஞ்சில் செருகிக்கொள்ளவில்லை.

இனி கணவர் விஷயம். ஜோன் 1965இல் எட்கர் ரோசன்பெர்க்கைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் தயாரிப்பாளர், மனைவியின் தொழில் முழுவதையும் கவனித்துக்கொண்டவர். அந்த எட்கரையே ஜோன் மேடைக்கு மேடை போட்டுத் தாளித்தார். அவரும் அதற்குச் சம்மதித்து, கணக்குப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. என்னிடமும் ஒரு கணவர் இருக்கிறார். புது டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றுபவர். சோபா வந்த அன்று போர்த்தப்பட்ட உறையை இன்னும் கழற்றாதவர். கல்யாணப் புடவை மட்டுமல்ல, கல்யாணப் புடவை வந்த பையும் பத்திரமாக இருக்கிறது. சொத்து என்றால் இதுவல்லவா?

பொங்கல் விழாவில் ரிமோட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் சலவை மடிப்புக் கலையாமல், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். ஊருக்கெல்லாம் நல்லவளாக இருக்கும் என் பாழாய்ப்போன சுபாவம் அந்த நிமிடம் விழித்துக்கொண்டது. 'என் வீட்டுக்காரர்' என்று வாயெடுத்தவள், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், இதே குடியிருப்பில்தான்" என்று மாற்றிவிட்டேன். ரிமோட் கவர் கதை நன்றாகவே போனது. பாதிப் பேர் திரும்பி பி பிளாக்கில் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் வீட்டு ரிமோட்டுக்கும் கவர் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவருடைய மனைவி அன்றிலிருந்து லிஃப்டில் என்னைக் கண்டால் படியில் இறங்கிவிடுகிறார். என் நகைச்சுவையால் ஒருவர் மனமும் புண்பட்டதில்லை என்று சொன்னதில் இது ஒரு சின்னத் திருத்தம். குறிவைத்துப் புண்படுத்தியதில்லை, அவ்வளவுதான். கணவர் வீட்டுக்கு வந்து, "பாவம் அந்த மனுஷன்" என்றார். ரிமோட்டை எடுத்துச் சேனல் மாற்றினார். கவர் சரசரத்தது.

ஆவணப்படத்தில் விஸ்கான்சினில் நடக்கும் ஒரு காட்சி வருகிறது. காது கேளாத, பார்வையற்ற ஹெலன் கெல்லரை வைத்து ஜோன் ஒரு ஜோக் சொல்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர், இது சிரிக்கிற விஷயமில்லை, எனக்குக் காது கேளாத மகன் இருக்கிறான் என்று குரல் கொடுக்கிறார். நானாக இருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மகனின் படிப்புக்கு வசூலும் ஆரம்பித்திருப்பேன். ஜோன் திரும்ப ஒரு வாங்கு வாங்கினார். இப்படிப்பட்ட விஷயத்துக்குச் சிரிக்கத்தான் நகைச்சுவை இருக்கிறது என்று கத்தினார். கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, நிகழ்ச்சியை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். இறங்கிய பிறகு, அந்த மனிதரின் வலி தனக்குப் புரிகிறது என்று கேமராவிடம் சொல்கிறார். இரக்கம் இல்லாமல் இல்லை, அதை மேடையில் காட்டவில்லை.

இந்தக் காட்சியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜோக் என்றால் யாரோ ஒருவருக்குப் பிடிக்காமல் போகும் என்று அவர் கணக்கில் எழுதிவைத்துவிட்டுத்தான் மேடையேறினார். நானோ மண்டபம் மொத்தத்துக்கும் பிடிக்க வேண்டும் என்று ஏறுகிறேன். எல்லோருக்கும் பிடிப்பது பாயசம். அதற்கு யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

அதற்காக அந்த அம்மாள் சொன்னதெல்லாம் எனக்குப் பிடித்தது என்று அர்த்தமில்லை. எண்பதுகளில் நடிகை எலிசபெத் டெய்லரின் எடை கூடியதை வைத்து அவர் அடித்த ஜோக்குகளை மகள் தேடித் தந்தாள். ஒரு பெண் குண்டானதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. பிற்காலத்தில் மகள் மெலிசாவோடு சிவப்புக் கம்பளத்தில் நின்றுகொண்டு, யார் தைத்த உடை என்று நடிகைகளைக் கேட்டுவிட்டு, அவர்கள் போனதும் அந்த உடையை நார்நாராகக் கிழித்ததிலும் பாதி வெறும் வம்புதான். வம்பு எங்கள் குடியிருப்பிலும் கிடைக்கும். ஆனால் தன்னை விட்டுவைத்துவிட்டு அடுத்தவரை மட்டும் அடிக்கும் கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை.

டாக் ஷோ பக்கமும் நான் போய்வந்தேன். குடியிருப்பில் இருக்கும் பெரியவர்களை மாதம் ஒருவராகப் பேட்டி காண்பது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். இரண்டு நாற்காலி, நடுவில் டீப்பாய், அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. முதல் விருந்தினர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். டாக் ஷோவில் விருந்தினர் திடீரென்று கதை சொல்லிவிடுவதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. நிகழ்ச்சிக்காரர்கள் யாராவது முன்கூட்டியே அவரிடம் மணிக்கணக்காகப் பேசி, எந்தக் கதை சிரிக்க வைக்கும், எதைக் கேட்டால் அது வெளியே வரும் என்று எழுதித் தொகுப்பாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தற்செயலாகக் கேட்பதுபோலக் கேட்பதுதான் தொழில். நான் நிஜமாகவே தற்செயலாகக் கேட்டேன்.

"ஐயா, உங்கள் நீண்ட நெடிய மருத்துவ வாழ்க்கையில், எத்தனையோ வாயில்லா ஜீவன்களின் கண்ணீரைத் துடைத்திருக்கிறீர்கள், அவற்றில் உங்கள் நெஞ்சை விட்டு நீங்காத, மறக்கவே முடியாத மாடு என்று ஏதாவது...?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "எல்லா மாடும் ஒண்ணுதாம்மா" என்றார்.

மீதி நேரம் முழுக்க நான் பேசினேன். என் கேள்விகள் அவருடைய பதில்களைவிட நீளம். ஒருசிலவற்றுக்கு அவர் "ஆமா" என்று ஒப்புதல் தந்தார். நிகழ்ச்சி முடிந்து வடை சாப்பிடும்போது, ஒரு கோயில் யானைக்கு மயக்க ஊசி போடப் போய்த் தானே கோயில் மடைப்பள்ளியில் ஒளிந்துகொண்ட கதையைச் சொன்னார் பாருங்கள், சுற்றி நின்றவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மைக்கை அப்போதுதான் சுருட்டி உள்ளே வைத்திருந்தார்கள்.

ஜோனின் டாக் ஷோ கதையை நான் என் ஆறுதல் பட்டியலில் சேர்த்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். 1983இலிருந்து, கார்சன் விடுப்பு எடுக்கும் வாரங்களில் அந்த நாற்காலியில் நிரந்தரமாக உட்காரும் மாற்றுத் தொகுப்பாளர் ஜோன்தான். கார்சனுக்கு அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது தன் பெயர் அதில் இல்லை என்று அவருக்குத் தெரியவந்தது. ஃபாக்ஸ் என்ற புதிய தொலைக்காட்சி அவரை அழைத்தது. 1986 அக்டோபர் 9 அன்று, கார்சனுக்கு நேர் எதிராக, அதே இரவு நேரத்தில் ஜோனின் நிகழ்ச்சி தொடங்கியது. அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சியில் பின்னிரவு டாக் ஷோவைத் தன் பெயரில் நடத்திய முதல் பெண். விஷயத்தைச் சொல்லக் கார்சனுக்குப் போன் செய்தபோது அவர் துண்டித்துவிட்டார் என்பது ஜோன் சொன்ன கணக்கு. அதன்பின் கார்சன் 2005இல் சாகும்வரை ஜோனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நிகழ்ச்சியும் நிலைக்கவில்லை. தயாரிப்பாளராக இருந்த எட்கருக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துப்போகவில்லை. எட்கரை நீக்கச் சொன்னார்கள், ஜோன் மறுத்தார். 1987 மே மாதம் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டல் அறையில் எட்கர் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. பஸ் டிரைவரின் துண்டுச்சீட்டை இங்கே நீட்டினால் எனக்கே கூசும். கணவர் போய், வேலை போய், கடன் சேர்ந்து, கூப்பிட ஆளில்லாமல் இருந்த அந்தப் பெண் திரும்ப மேடையேறினார். எட்கரின் சாவையே ஜோக்காகச் சொன்னார். கேட்டவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. 1989இல் பகல் நேரத்தில் புதிதாக ஒரு டாக் ஷோ ஆரம்பித்து, 1990இல் அதற்காக எம்மி விருது வாங்கினார். தாயும் மகளும் தங்கள் கதையில் தாங்களே நடித்து 1994இல் ஒரு தொலைக்காட்சிப் படம்கூட வந்தது. எது வந்தாலும் பொருளாக்கிவிடும் கை.

அந்தக் கை எப்படி வேலை செய்தது என்பதை ஆவணப்படத்தில் ஒரு காட்சியில் காட்டுகிறார்கள். என்னை உண்மையில் கெடுத்தது அதுதான். அவருடைய நியூயார்க் வீட்டில் எஃகு அலமாரி ஒன்று நிற்கிறது. பழைய நூலகங்களில் அட்டவணை அட்டை வைத்திருப்பார்களே, அந்த மாதிரி இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் தட்டச்சு செய்த அட்டைகள், பல்லாயிரம், அட்டைக்கு ஒரு ஜோக். தலைப்புவாரியாக, அகரவரிசையில். சமையலில் தொடங்கி டோனி டான்சா என்ற நடிகரில் முடியும் ஒரு இழுப்பறையை அவரே இழுத்துக் காட்டுகிறார். மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் என்று நான் நினைத்திருந்த பெண், வீட்டில் ஒரு பதிவுத்துறை அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார்.

இதை நானும் செய்ய முடியும் என்று எனக்குப் பட்டது. முப்பது வருடம் ஃபைல் பார்த்தவள் நான். ஜோக் வராவிட்டாலும் அட்டவணை வரும். மகள் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை எடுத்து, அச்சில்லாத பின்பக்கம் தெரியும்படி ஒரே அளவாக நறுக்கினேன். தீபாவளி இனிப்புப் பெட்டியில் நிறுத்திவைத்தேன். ஆட்டோ, கணவர், காய்கறி, மருத்துவர், மிக்ஸி, ரேஷன் என்று அகரவரிசையில் தலைப்பு எழுதி ஒட்டினேன். மூன்று வண்ணத்தில் ஸ்கெட்ச் பேனா. பார்க்க அவ்வளவு அழகு. பெட்டி தயாரான திருப்தியில் பல வாரங்கள் ஒரு ஜோக்கும் எழுதவில்லை. சமையலறை மேடையில் இருந்ததால் பெட்டி பிறகு வேறு வழியில் நிரம்பியது. காஸ் புக் செய்த எண், பால்காரர் வராத நாட்கள், பிரஷர் மாத்திரையின் பெயர், கொலுவுக்கு வாங்க வேண்டியவை.

ஒரு பணி நிறைவு விழாவில் ஜோன் பாணியில் அட்டையை எடுத்து நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். "உளுந்து ரெண்டு கிலோ. போன தடவை புழு." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓய்வுபெறுபவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆகா, கிடைத்துவிட்டது என்று அடுத்த விழாவிலும் அதே அட்டையை, அதே நிதானத்தோடு எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. விழா முடிந்ததும் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, எந்தக் கடை என்று சொல்லுங்கள், நான் அங்கே வாங்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கறையாகக் கேட்டார். தானாக வந்த சிரிப்பைத் திரும்ப வரவைக்கத்தான் அத்தனை அட்டையும் அத்தனை வருடமும் வேண்டியிருக்கிறது. ஜோன் ஒரு சின்ன விடுதியில் போய் ஒரு ஜோக்கைச் சொல்லிப் பார்ப்பார், சொல்லை மாற்றுவார், மறுபடி போவார். புகழின் உச்சியிலும் அப்படித்தான். எனக்கு மறுபடி போவது என்றாலே காய்ச்சல் வரும்.

காய்ச்சல் மட்டுமல்ல. அவர் தன் நாட்குறிப்பைப் பிரித்து, எதுவும் எழுதப்படாத பக்கத்தைக் காட்டி, பயம் என்றால் எனக்கு இதுதான் என்கிறார் அந்தப் படத்தில். வெள்ளைப் பக்கத்துக்குப் பயந்து வந்த வேலையையெல்லாம் ஒப்புக்கொண்டார். தொலைக்காட்சியில் நகை விற்றார், விளம்பரத்தில் நடித்தார், 2009இல் டொனால்ட் டிரம்ப் நடத்திய போட்டி நிகழ்ச்சியில் கலந்துகொண்டு ஜெயித்தார். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் என் நிகழ்ச்சி இருக்கும் தேதியைக் கிழிக்கும்போது மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவள் நான். ஒருமுறை விழா நடக்கவிருந்த மண்டபத்தில் தண்ணீர் புகுந்து நிகழ்ச்சி ரத்தானது. அமைப்பாளர் வருத்தத்தோடு போன் செய்தபோது "ஐயோ, அப்படியா" என்று சொன்ன குரலில் இருந்த மகிழ்ச்சியை அவர் கண்டுபிடிக்கவில்லை. என் நடிப்பில் தேறியது அது ஒன்றுதான்.

2014 பிப்ரவரி 17 அன்று ஜிம்மி ஃபாலன் 'டுநைட் ஷோ'வின் புதிய தொகுப்பாளராகப் பொறுப்பேற்ற முதல் இரவில், ஜோன் ஒரு நிமிடத் தமாஷுக்காக அந்த மேடைக்கு வந்தார். கார்சன் அவரை முதன்முதலில் உள்ளே விட்ட அதே தேதி, 49 வருடம் கழித்து. கார்சன் போய், ஜே லெனோ வந்து போனவரைக்கும் அங்கே அவருக்குக் கதவு சாத்தித்தான் இருந்தது. மார்ச்சில் முழு விருந்தினராகவே வந்து உட்கார்ந்து, வழக்கம்போலச் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னார். ஆகஸ்ட் 27 இரவு மன்ஹாட்டனில் ஒரு சின்ன அரங்கில் மேடையேறினார். மறுநாள் ஒரு மருத்துவச் சோதனையின்போது நினைவிழந்தவர், செப்டம்பர் 4 அன்று இறந்தார். அவர் குரலில் பதிவான ஒலிநூலுக்கு 2015இல் கிராமி விருது கிடைத்தது. செத்த பிறகும் நிகழ்ச்சி புக் ஆகிக்கொண்டிருந்தது.

என் இனிப்புப் பெட்டியில் 'மாமியார்' என்ற தலைப்பும் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு அட்டையும் கிடையாது. எங்கள் அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது மட்டும் இருபதில் நிற்கிறது. ஒருநாள் சாயங்காலம் சீரியல் விளம்பர இடைவேளையில் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்தா, எல்லாரையும் பத்தி எழுதி வெச்சிருக்கே. மிக்ஸியப் பத்தி நாலு இருக்கு. என்னைப் பத்தி ஒண்ணும் காணோமே, ஏன்?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் அத்தை..."

"மிக்ஸிக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கில்லையா?"

மனதுக்குள் நெடுநாளாகப் பூட்டி வைத்திருந்த ஒரு ஜோக்கை நடுங்கிக்கொண்டே சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இதுக்கா இவ்வளவு பயம்? இதுல நான் எங்கே இருக்கேன்? இது யாரோ ரொம்ப நல்ல மாமியார்" என்றார். "உன் காபியைப் பத்தி உங்கம்மாகிட்டயே சொன்னேனே, அதைப் போடு. உன் வளைகாப்புல ஜிமிக்கி விஷயமா நான் பண்ணினது ஞாபகம் இருக்கா? அதைப் போடாம என்னத்தைப் போடப்போறே?" நான் எழுதினேன். எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்து இரண்டு சொல்லை அடித்தார். அடித்த பிறகு அது நிஜமாகவே ஜோக்காக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். மறுநாள் பெட்டியில் 'மருமகள்' என்று புதிய தலைப்பு முளைத்திருந்தது, அவருடைய சாய்ந்த கையெழுத்தில். அதன் பின்னால் அட்டைகள் ஏறிக்கொண்டே போகின்றன. கல்யாணப் பத்திரிகை தீர்ந்துவிட்டது என்று பேரன் நோட்டிலிருந்து தாள் கிழிக்கிறார். வருகிற பொங்கல் விழாவில் தனக்கும் ஐந்து நிமிடம் வேண்டும் என்று சங்கச் செயலாளரை வீட்டுக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் அங்கேயே இரண்டைக் கேட்டுவிட்டு, டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்து, ஐந்தைப் பத்தாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அத்தைக்கு ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமாம்.